கதவோரத்து ரப்பர் ஷீட்

என் மகள் மின்ஹா பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றால் நான் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். மூன்று வயசுப் பிள்ளை. இரண்டு காலையும் பின்னிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, பீரோவின் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்பாள். முகம் செக்கச் செவேலென்று ஆகிவிடும். நெற்றியெல்லாம் வியர்க்கும். பார்க்கிறவர்கள் பிள்ளை முக்குகிறது என்பார்கள். முக்கவில்லை. வருவதை வரவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அது தெரியவே எனக்கு நாலு மாதம் ஆனது. தெரிந்த பிறகும் நான் ஒன்றும் கிழித்துவிடவில்லை.

"மின்ஹா, வாடா. பாத்ரூம் போயிட்டு வந்துருவோம்."

"வரலம்மா."

"வருதுடா. போயிட்டா வயிறு லேசாயிரும்."

"வரல. வரல. வரல."

கொஞ்ச நேரத்தில் முகம் பழையபடி ஆகிவிடும். சந்திலிருந்து வெளியே வந்து பொம்மையை எடுத்துக்கொள்வாள். அன்றைக்குப் போகமாட்டாள். மறுநாளும் போகமாட்டாள். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, இனி முடியாது என்கிறபோது நின்ற இடத்திலேயே, தெரு கேட்க அலறிக்கொண்டு போவாள்.

எல்லாம் ஒரு காய்ச்சலில் ஆரம்பித்தது. நாலு நாள் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தாள். காய்ச்சல் விட்டபோது மலம் கல்லாக இறுகியிருந்தது. வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து வைத்தால் உடனே வந்துவிடும் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் பிள்ளையை மடியில் குப்புறப் போட்டு, அவள் திமிறத் திமிற வைத்தேன். வந்தது, ரத்தத்தோடு வந்தது. அன்றிலிருந்து என் கையில் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாலே பீரோ சந்துக்குள் ஓடுவாள். தலைக்கு எண்ணெய் தேய்க்கக்கூட விடமாட்டாள்.

பிள்ளைகள் உட்கார்ந்து போவதற்கென்று விற்கிற, வாத்து மூஞ்சி வைத்த மஞ்சள் சேர் ஒன்றை அவள் அத்தா வாங்கி வந்தார். அதில் அவள் தன் பொம்மையை உட்காரவைத்து, "வரலையா? பரவால்ல" என்று சொல்லிக் கொண்டிருப்பாள். பொம்மைக்கு வாய்த்த அம்மா அவளுக்கு வாய்க்கவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்ததற்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

என் அத்தா பேகம்பூரில் தோல்ஷாப்பில் வேலை பார்த்தவர். பச்சைத் தோலை உப்பிலிருந்து எடுத்து, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரை வழித்து எடுக்கிற வேலை. அந்த வாடை மனிதரோடு வீட்டுக்கு வரும். கொடியில் காய்கிற துணியில் ஏறும். என் பாவாடை சட்டையிலும் இருந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியாது. அவரவர் வீட்டு வாடை அவரவருக்கு எங்கே தெரியும்? பள்ளிக்கூடத்தில் நான் போய் உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண் ஒரு சாண் நகர்வாள். விளையாட்டு என்று நினைத்து நானும் நகர்வேன். அவள் இன்னொரு சாண் நகர்வாள். பெஞ்சு முடிந்ததும் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விடுவாள். அது விளையாட்டு இல்லை என்று எனக்குப் புரிய மூன்றாம் வகுப்பு முழுக்க ஆனது. அதற்குப் பிறகு காலையும் மாலையும் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். இன்றைக்கும் குளிக்கிறேன்.

தோல்ஷாப்காரனுக்கு மட்டும் வாழ்க்கைப்பட மாட்டேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றேன். நாம் ஒன்று நினைக்க அல்லாஹ் ஒன்று நினைக்கிறான். வந்தவர் முகமது ரஃபீக், அவரும் தோல்ஷாப்தான். தங்கமான மனிதர். வேலை முடிந்து வந்தால் கூடத்தில் கால் வைக்காமல் வீட்டோரச் சந்து வழியாகப் போய்க் குளித்து, துணியைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கிவிட்டுத்தான் உள்ளே வருவார். அது நான் போட்ட சட்டம். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மின்ஹா பிறந்தபோது நான் நினைத்தது ஒன்றே ஒன்று. என் பிள்ளையைப் பார்த்து ஒருத்தரும் மூக்கைப் பிடிக்கக்கூடாது.

ஜூன் மாதம் அவளைப் பக்கத்து ப்ளே ஸ்கூலில் சேர்த்தோம். டயாபர் கூடாது, பிள்ளைக்குப் பாத்ரூம் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று சேர்க்கும்போதே சொன்னார்கள். "கேக்கும் மிஸ், நல்லா கேக்கும்" என்று கூசாமல் சொன்னேன். ஒன்றுக்குக் கேட்பாள், அது உண்மைதான்.

ஜூலையில் புதுசாக ஒன்று ஆரம்பித்தது. ஜட்டியில் கறை. தண்ணியாக, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பத்துத் தடவை. கெட்டியாகப் போவது அடியோடு நின்று போனது. சரி, மலச்சிக்கல் தீர்ந்து இப்போது வயிற்றால் போகிறது என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள் என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். மனசு கேட்கவில்லை.

மலச்சிக்கலுக்கு டாக்டர் முன்பு எழுதிக் கொடுத்திருந்த சிரப்பை நிறுத்தினேன். இளக்கும் என்று தினமும் கொடுத்துவந்த சிறுமலை வாழைப்பழத்தை நிறுத்தினேன். வயிற்றைக் கட்ட என்னவெல்லாம் உண்டோ அதையெல்லாம் தேடிப் பிடித்தேன். ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சினேன். மாதுளம்பழத் தோலைக் காயவைத்து இடித்து மோரில் கலக்கினேன். ஆயக்குடிக் கொய்யாவைப் பழுக்கவிடாமல் காயாகவே நறுக்கிக் கொடுத்தேன். பிள்ளை எதையும் மறுக்காமல் தின்றாள். கறை நின்றபாடில்லை. நான் இன்னும் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சினேன்.

ஒருநாள் பதினோரு மணிக்கு ஸ்கூலிலிருந்து ஜீவிதா மிஸ் போன் பண்ணினாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. காலையிலேருந்து மூணு தடவ மாத்திவிட்டுட்டோம். ஸ்மெல் வருதுன்னு மத்த பிள்ளைங்க மின்ஹா பக்கத்துல உக்கார மாட்டேங்குதுங்க. சரியாகுற வரைக்கும் வீட்ல வச்சுப் பாருங்க. ஒரு மாசம் சீட்டு வச்சிருக்கோம்."

நான் போனபோது மின்ஹா தனியாக ஒரு குட்டி நாற்காலியில், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். மற்ற பிள்ளைகள் அந்தப் பக்கம் பாயில் வட்டமாக உட்கார்ந்து கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவளும் இங்கிருந்தே கை தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மூன்றாம் வகுப்பில் பட்டதெல்லாம் நெஞ்சுக்குள் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன்.

"வருதுன்னு ஏன்டி மிஸ்ஸுகிட்ட சொல்லல?"

"தெரியலம்மா."

"வயித்தால போறது எப்பிடிடி தெரியாமப் போகும்? இம்புட்டு வயசாச்சு, வாய் கிழியப் பேசுற, இது தெரியாதா?"

"தெரியலம்மா."

"பொய் சொல்ற பாரு."

தொடையில் கிள்ளினேன். கிள்ளிவிட்டுத் திருகினேன். அலறினாள். அது போதாதென்று அவள் முகத்தைப் பிடித்து நிமிர்த்தி, "நாறுனா ஒருத்தரும் பக்கத்துல ஒக்கார மாட்டாக. அம்மாகூட ஒக்கார மாட்டேன். அதான் ஒனக்கு வேணுமா?" என்றேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்றைக்குப் புத்தி இருந்ததாகவே நினைவில்லை. அதற்குப் பிறகு கிள்ளுவது பழக்கமாகிப் போனது. ஒவ்வொரு கறைக்கும் ஒரு கிள்ளு.

வீட்டில் வைத்துப் பார்க்கத் தொடங்கியதும் தொழுகை பெரும் பாடானது. நான் ஐந்து வேளையும் விடாமல் தொழுகிறவள். தொழ நின்றால் மேலிலும் உடுப்பிலும் அசுத்தம் இருக்கக்கூடாது. கை கால் முகம் கழுவி ஒளு செய்து, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பாயில் நிற்பேன். சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது மின்ஹா வந்து முதுகில் ஏறுவாள், மடியில் சரிவாள். துப்பட்டியில் கறை படும். அவிழ்த்து எறிந்துவிட்டு மறுபடியும் குளித்து, வேறு துணி மாற்றி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ஒரு நாள் சாயங்கால அஸர் தொழ மூன்று தடவை குளித்தேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது கீழே விரிக்க வாங்கிய ரப்பர் ஷீட் ஒன்று பரணில் கிடந்தது. அதை எடுத்து, கழுவி, கொல்லைக் கதவோரம் விரித்தேன்.

"பாங்கு சொன்னா நீ இதுல வந்து ஒக்காந்துக்கணும். அம்மா தொழுது முடிச்சு சலாம் குடுக்குற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. அம்மா பக்கத்துல வரக் கூடாது. என்ன?"

"ஏம்மா?"

"நீ நாறுறல்ல. அதான்."

இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் பள்ளிவாசலில் மைக் கரகரக்கும்போதே கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து போய் ரப்பர் ஷீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பாத்ரூம் பழக்கத்தான் ஒரு வருஷமாக உயிர் போகிறது, இதை மூன்றே நாளில் பழகிவிட்டாளே என்று எனக்கு ஒரே பெருமை. ரஃபீக் வந்ததும் சொல்லிக் காட்டினேன். அவர் ரப்பர் ஷீட்டையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். சந்து வழியாக வந்து குளிக்கிற மனிதர் என்ன சொல்வார்?

அடுத்த வீட்டு சைதூனக்காதான் சொன்னார். மிளகாய்ப்பொடி கேட்டு வந்தவர், நான் சலாம் கொடுக்கும்வரை வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

"ஏன்டி ஷாஹினா, என்ன கூத்து இது? புள்ள வந்து தொட்டதுக்காகத் தொழுகை போயிருமா? துணியில பட்டா மாத்திட்டுத் தொழு. இப்பிடி ஒதுக்கியா ஒக்கார வைப்பாக?"

"ஒங்க புள்ளைக எல்லாம் ஒழுங்காப் போச்சுக. ஒங்களுக்கு என்னக்கா தெரியும்?"

"எனக்கு ஒன்னும் தெரியாதுதான். ஆனா அது மூஞ்சியப் பாருடி, வெளிறிக் கெடக்கு. வயித்தப் பாரு, பானையாட்டம் இருக்கு. வயித்தால போற புள்ளைக்கு வயிறு ஒட்டியில்ல கெடக்கும்?"

இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தவர் சும்மா சொல்லவில்லை. என் காதில் அது ஏறவில்லை. மிளகாய்ப்பொடியைக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று முணுமுணுத்தேன்.

அது திங்கட்கிழமை. புதன்கிழமை மின்ஹா சாப்பிடவில்லை. வியாழக்கிழமை குடித்த கஞ்சியை அப்படியே வாந்தி எடுத்தாள். வயிறு தட்டினால் சத்தம் வருகிற மாதிரி விறைத்திருந்தது. ரஃபீக்குக்குப் போன் போட்டேன். வேலையைப் போட்டது போட்டபடி வந்தார். அன்றைக்கு அவர் குளிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதே வாடையோடு பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டார். நான் பைக்கை எடுத்தேன்.

பழனி ரோட்டில் பிள்ளைகளுக்குப் பார்க்கிற டாக்டர் அறிவுச்செல்வி வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கு எக்ஸ்ரே பார்க்கத் தெரியாது. அதில் என்ன இருந்தது என்று பார்த்த உடனே தெரிந்தது.

"இது பூரா மலம்மா. இறுகிப் போய் அடச்சுக்கிட்டு இருக்கு. எத்தன நாளா இப்பிடி?"

"இல்ல டாக்டர், இவளுக்கு வயித்தால போகுது. ஒரு மாசமா தண்ணியாப் போகுது."

"அது வயித்தால போறது இல்ல. கெட்டியா அடச்சு நிக்குது. மேல இருக்குற தண்ணி மட்டும் ஓரமாக் கசிஞ்சு வருது. குடல் விரிஞ்சு போனதால பிள்ளைக்கு வர்ற உணர்ச்சியே இருக்காது. வர்றது அவளுக்கே தெரியாது."

தெரியலம்மா. தெரியலம்மா என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

"என்ன குடுத்தீங்க?"

சொன்னேன். ஜவ்வரிசி, மாதுளைத் தோல், கொய்யாக்காய், சிரப்பை நிறுத்தியது, பழத்தை நிறுத்தியது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அடைபட்ட வீட்டுக்கு வெளியே நின்று நான் இன்னும் பூட்டுப் போட்டிருக்கிறேன். அவர் அதைச் சொல்லவில்லை. பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைத்து ஃப்ராக்கைத் தூக்கினார். தொடையில் நீலமாகவும் மஞ்சளாகவும் இருந்த தடங்களை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

ரஃபீக் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் மின்ஹாதான் சொன்னாள்.

"நான் நாறுனேன்ல, அதுக்கு."

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு நாள் எனிமா கொடுத்தார்கள். அந்த இரண்டு நாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நர்ஸ் சுத்தம் செய்ய வரும்போதெல்லாம் மின்ஹா அந்தப் பெண்ணிடம் "சாரிக்கா, சாரிக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்காமலே பிள்ளைகள் கற்றுக்கொள்கின்றன.

ரஃபீக் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வரும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"எம்மேல வாடைன்னு நீ சொன்னப்ப எனக்கு வருத்தமில்ல புள்ள. நான் பெரிய ஆளு. தாங்கிக்குவேன்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ரப்பர் ஷீட்டை நாலாக வெட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். தண்ணீரில் கலக்கும் பவுடர் மருந்து தினமும். கஞ்சி கிடையாது. கீரை, பழம், தண்ணீர். சாப்பிட்டு எழுந்ததும் ஐந்து நிமிஷம் அந்த வாத்துச் சேரில் உட்கார வைத்துப் பக்கத்தில் நானும் உட்கார வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் முகம் மாறக்கூடாது. குடல் சுருங்கிப் பழையபடி ஆக ஒரு வருஷம்கூட ஆகலாம், அதுவரை கறை வரும், சத்தம் போடக்கூடாது என்றார் டாக்டர். நான் சத்தம் போடவில்லை. எனக்கு இனி ஜென்மத்துக்கும் சத்தம் போட வாய் வராது. ப்ளே ஸ்கூலில் சொன்ன ஒரு மாசம் முடிந்தது. சீட்டை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்காக நான் அழவில்லை என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் மின்ஹா பக்கத்தில் இல்லை. பீரோ சந்தில் போய்ப் பார்த்தேன், அங்கும் இல்லை. பாத்ரூம் வாசலில் வாத்துச் சேரில் தானாக உட்கார்ந்திருந்தாள். பொம்மையை மடியில் வைத்திருந்தாள். முகத்தில் பயம் இல்லை. கிண்ணத்தில் மெத்தென்று, வலிக்காமல் போயிருந்தது. கழுவப் போனபோது என் கை தொடைப்பக்கம் வந்ததும் இரண்டு கையாலும் தொடையை மூடினாள். பிறகு எடுத்துவிட்டாள். அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். வெந்நீரில் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பெருநாளைக்கு எடுத்த ரோஸ் ஃப்ராக்கைப் போட்டுவிட்டேன். மடியில் வைத்துக்கொண்டேன். அவள் தலையில் மோந்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசனையும் பிள்ளை வாசனையும் தவிர ஒன்றும் இல்லை. எத்தனை மாசத்துக்குப் பிறகு ஒரு நல்ல நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பள்ளிவாசலில் மைக் கரகரத்தது. அஸர் பாங்கு.

மின்ஹா என் மடியிலிருந்து சறுக்கி இறங்கினாள். பொம்மையை என் பக்கத்தில் வைத்தாள். நேரே கொல்லைக் கதவோரம் போனாள். ரப்பர் ஷீட் இல்லாத வெறும் தரையில், அது கிடந்த அதே இடத்தில், ஃப்ராக்கை அடியில் சுருட்டி வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மின்ஹா, அங்க வேணாம்டா. அம்மாகிட்ட வா."

"நீ தொழும்மா."

"நீ சுத்தமா இருக்கடா. நாறவே இல்ல. அம்மா மோந்து பாத்தேன்ல."

"ஒனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

துப்பட்டியை எடுக்கவில்லை. பாயை விரிக்கவில்லை. எழுந்து போய் வெறும் தரையில் அவளை ஒட்டி உட்கார்ந்தேன். அவள் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தாள். நானும் நகர்ந்தேன். "பட்டுரும்மா" என்று சொல்லிக்கொண்டே அவள் இன்னொரு சாண் நகர்ந்தாள். அதற்கு மேல் நகர இடமில்லாமல் கதவில் முதுகு இடித்தது. பாங்கு முடிகிறவரை முழங்காலைக் கட்டிக்கொண்டு, என் மேல் படாமல் தன்னைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.